ஊசி போட்டாச்சா, போடலையா?

எனக்கு எழுத வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கெங்குவார்பட்டிப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். ஊருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேனே தவிர, இவ்வளவு நீளமாக எதையும் எழுதியதில்லை. நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். ஆஸ்பத்திரிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டவர்கள், பேச வேண்டாம், எழுதிக் கொடுத்தால் போதும் என்று சொன்னதால்தான் உட்கார்ந்தேன். வயதாகிவிட்டது. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பது சில இடத்தில் மாறியிருக்கும்.

என் மகளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். சின்ன வயதிலேயே அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. அந்த நோயால் ஞாபகம் போயிற்று. ஞாபகம் போனதால் அந்த நோயை வைத்துப் பிழைக்க முடியாமல் போயிற்று. விஷயம் இவ்வளவுதான். ஆனால் இது எப்படி நடந்தது என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

அப்போது நாங்கள் தேனி அல்லிநகரத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் பருத்திக் கமிஷன் கடையில் எடை போடுகிறவர். அடுத்த வீட்டில் அவருடைய அக்கா, எனக்கு மதினி. மதினிக்குப் பிள்ளை இல்லை. எங்களுக்கு இவள் ஒருத்திதான். அதனால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பிள்ளை. எழுபதாம் வருஷத்துக்குக் கொஞ்சம் முன்போ பின்போ, அவளுக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தது.

அந்த வயதில் அவளுக்கு இருந்த ஞாபகத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் எந்தப் பாத்திரம் எந்த வீட்டுக்கு இரவல் போயிருக்கிறது என்பது அவளுக்குத்தான் தெரியும். "நம்ம படி எங்கடி?" என்று கேட்டால் யோசிக்கவே மாட்டாள். "மேலத் தெரு சித்தி வாங்கிட்டுப் போச்சு, அவுக வீட்டுக்கு விருந்தாளி வந்த அன்னைக்கு. அது குடுக்காது, நாமதேன் போயி வாங்கணும்" என்பாள். அந்தச் சித்தி அன்றைக்கு என்ன சேலை கட்டியிருந்தாள் என்பது வரைக்கும் சொல்வாள். "இவ இருக்கையில இந்தத் தெருவுல ஒரு கரண்டிகூடத் திருட முடியாது" என்று மதினி சிரிப்பார்.

அந்த வருஷம் அவளுக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. செம்பு செம்பாகக் குடிப்பாள். மூன்று வயதிலேயே படுக்கையில் போவதை விட்டவள், மறுபடி பாயை நனைத்தாள். இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டு, கழுத்து எலும்பு தெரிய மெலிந்தாள். வீட்டுக்குப் பின்னால் அவள் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தது. அதைப் பார்த்துவிட்டு அடுத்த சந்துப் பையன்கள், "எறும்பு ராணி வர்றாடோய்!" என்று கத்துவார்கள்.

மதினி விடமாட்டார். "ஏலே, ஒங்க வீட்டு எறும்பெல்லாம் இங்கன வந்துருச்சுன்னு வயித்தெரிச்சலா? ஒங்காத்தாகிட்ட ஒரு பிடி அரிசிமாவு வாங்கிப் போடுங்கலே, திரும்பி வரும்" என்று துரத்துவார்.

அப்போது எங்களுக்கு எறும்பு சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் காலையில் வாந்தி எடுத்துக் கண் சொருகினாள். தேனியில் ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் மதுரைக்குப் போகச் சொன்னார். மதுரைப் பெரியாஸ்பத்திரியில்தான் பிழைக்க வைத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று ஒரு டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். சின்ன வயதுக்காரர்தான். சுற்றி நிறைய நோயாளிகள். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் பேசினார். நான் பிள்ளையை அணைத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். தினமும் ஊசி போட வேண்டும், சாகிற வரைக்கும் நிறுத்தக்கூடாது, ஊசி போட்டால் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்றார். கடைசியாக, "சர்க்கரை ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து. இறங்கிடுச்சுன்னா உடனே சீனித் தண்ணி குடுங்க" என்றார். பிறகு என் மகளைப் பார்த்து விரலை ஆட்டி, "ஊசி போடலேன்னா செத்துப்போயிடுவே, ஞாபகம் வச்சுக்க" என்றார். பயமுறுத்திச் சொன்னால்தான் பிள்ளை கேட்கும் என்று நினைத்திருப்பார்.

திரும்பி வருகிற பஸ்ஸில், எங்களோடு வந்திருந்த மதினி கேட்டார். "ஏன்டா தம்பி, அந்த டாக்டரு கடைசியில என்னமோ மாத்திச் சொன்ன மாதிரி இல்ல?"

"என்னக்கா?"

"ஏறுனா ஆபத்து, சரி. இறங்குனா எப்பிடிடா ஆபத்து? காச்சல் இறங்குனா நல்லதா, கெட்டதா? அம்மை இறங்குனா நல்லதா, கெட்டதா? அதுலயும் சீனி வியாதிக்காரிக்குச் சீனித் தண்ணி குடுக்கச் சொல்றாக."

"ஆளுக்கு மேல ஆளு நின்னாக. அவசரத்துல வாய் தவறியிருக்கும்" என்றார் இவர்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் பக்கத்தில் எந்த நோய்க்கும் இறங்குவது என்றால் குணமாவதுதான். அம்மை போட்ட பிள்ளைக்கு முத்து இறங்கிவிட்டது என்றால் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவோம். அத்தோடு வீட்டுக்கு விடுதலை. இறங்குவது என்ற சொல்லைக் கேட்டுப் பயப்பட எங்களுக்குத் தெரியாது.

ஊசி பழகுவதற்குள் நான் பட்ட பாடு எழுதி முடியாது. கண்ணாடி ஊசி. தினமும் வெந்நீரில் கொதிக்க வைக்க வேண்டும். மருந்துப் புட்டியைச் சின்ன மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் புதைத்து, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். பிள்ளையின் தொடையைப் பார்த்தாலே எனக்கு அழுகை வந்துவிடும். அவளே ஒருநாள், "குடும்மா, நீ குத்துறதுக்குள்ள எனக்குப் பசிச்சுரும்" என்று பிடுங்கித் தானே போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள்தான் போட்டாள். ஊசியைக் கொதிக்க வைப்பது, காற்றுக் குமிழியைத் தட்டி வெளியேற்றுவது, இடம் மாற்றிப் போடுவது எல்லாம் சின்ன நர்சம்மா மாதிரிச் செய்வாள்.

மூத்திரச் சோதனையும் அவள்தான் செய்வாள். நீலமாக ஒரு மருந்து இருக்கும். கண்ணாடிக் குழாயில் அதைக் கொஞ்சம் விட்டு, சில சொட்டு மூத்திரம் சேர்த்து, சூடு காட்ட வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம். மஞ்சள் என்றால் கூடுதல். செங்கல் நிறம் வந்தால் நிறைய. "அத்தே, இன்னைக்குப் பச்சை!" என்று குழாயைத் தூக்கிக்கொண்டு மதினி வீட்டுக்கு ஓடுவாள்.

இப்படி ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் நன்றாகத்தான் போனது. அவளுக்குப் பதினொரு வயது ஆகப்போகிற சமயம், தேனி டாக்டரிடம் காட்டியபோது, "நல்லா இறங்கியிருக்கும்மா" என்றார். மதினிக்கு அதுவே போதும். வரும் வழியிலேயே வேப்பிலை ஒடித்தார். "இன்னும் கொஞ்சந்தேன். முழுசா இறங்கட்டும், நல்ல நாள் பாத்துத் தண்ணி ஊத்திருவோம்" என்றார். வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. எனக்கும் அதைப் பார்க்கப் பார்க்க மனசு குளிர்ந்தது.

அந்த வாரத்திலேயே ஒருநாள் காலையில் ஊசி போட்டுக்கொண்டு, வயிறு சரியில்லை என்று இட்லியை அப்படியே வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். உச்சி வேளைக்கு முன்பே திரும்பி வந்துவிட்டாள். நடை தள்ளாடியது. முகமெல்லாம் வேர்வை. தொட்டுப் பார்த்தால் உடம்பு சில்லென்று இருந்தது. என்னைப் பார்த்து, "நீ யாரு வீட்டுக்கு வந்த?" என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு காரணமில்லாமல் தட்டைத் தூக்கி எறிந்தாள். அப்படியே பாயில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

நான் மதினியைக் கூப்பிட்டேன். மதினி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அடியே, வேத்து ஊத்துது பாத்தியா? இறங்குதுடி! ஒடம்பு எப்பிடிக் குளுந்து போச்சு பாரு. ஆத்தா மனசு எறங்கிட்டா."

"ஒளறுனா மதினி. என்னைய யாருன்னு கேட்டா."

"இறங்கையில அப்பிடித்தேன் இருக்கும். தூங்கட்டும். எழுப்பிராத."

எழுப்பவில்லை. சத்தம் போடாமல் இருந்தோம். மதினி வேப்பிலையால் விசிறினார். நான் தண்ணீர் ஊற்றுவதற்காக அண்டாவைத் தேய்த்துக் கழுவினேன். அவள் நனைய நனைய வேர்த்துக்கொண்டு கிடந்தாள். சாயந்திரம் என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, அவளுக்குக் கையும் காலும் வெட்டி இழுத்தது. வாயில் நுரை. வலிப்பு என்று சொல்லி மதினி ஓடிப்போய் இரும்புச் சாவியைக் கொண்டுவந்து கையில் திணித்தார்.

தேனி டாக்டர் பார்த்த மாத்திரத்தில் கத்தினார். "எப்ப இருந்து இப்பிடிக் கெடக்குது?" மத்தியானத்திலிருந்து என்று இவர் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். பெரிய ஊசியில் குளுக்கோஸை நரம்பில் ஏற்றினார். ஏற்ற ஏற்ற இழுப்பு நின்றது. ஆனால் கண் திறக்கவில்லை. மறுபடியும் மதுரை.

கண் திறக்கச் சில நாள் ஆனது. என்னைத் தெரிந்தது, அப்பாவைத் தெரிந்தது. நாங்கள் சாமியைக் கும்பிட்டோம். அங்கே வேறொரு டாக்டர், பெரியவர், இவரை உட்கார வைத்துச் சொன்னார். "மூளைக்குச் சர்க்கரைதான்யா சாப்பாடு. ரத்தத்துல சர்க்கரை ஒரேயடியா இறங்கிட்டா மூளை பட்டினி கெடக்கும். ஒங்க பிள்ளைக்கு ரொம்ப நேரம் பட்டினி. உயிர் வந்துருச்சு. ஞாபகம் எப்படி இருக்கும்னு போகப்போகத்தான் தெரியும்."

மதினி அன்றைக்கு ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். யார் பிடித்தும் நிற்கவில்லை. அந்த ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டது அவர் மட்டுமா? நாங்கள் எல்லாரும்தான். ஆனால் பழியை அவர் ஒருவரே வாரித் தலையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிய ஆரம்பித்தது. பழசெல்லாம் இருந்தது. வாய்ப்பாடு சொல்வாள். சின்ன வயதில் எங்கே விழுந்து முட்டி உடைத்தாள் என்பது தெரியும். ஆனால் அன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள். நான் ஏதாவது சொல்லிவிட்டால், "ஆமாம்மா, அதுதேன்" என்பாள். தெரியாததைத் தெரிந்த மாதிரிக் காட்டப் பழகிக்கொண்டாள். ஒருநாள் படியைக் காணவில்லை. பழக்கதோஷத்தில், "நம்ம படி எங்க தாயி?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "யாராச்சும் வாங்கிட்டுப் போயிருப்பாக" என்றாள். அவள் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் அதில் தண்ணீர் மோந்து கோழிக்கு வைத்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் ஒரே வகுப்பில் உட்கார வைத்தார்கள். அந்த டீச்சர் கெட்டவர் இல்லை. "சொன்னாப் புரியுதும்மா அவளுக்கு. நல்லாப் புரியுது. மறுநாள் கேட்டா, நான் அந்தப் பாடமே நடத்தலைன்னு சண்டைக்கு வர்றா" என்றார். அந்தப் பையன்கள் எறும்பு ராணியை விட்டுவிட்டு, "மறதி மங்கம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் கல்லை எடுப்பாள். இப்போது அவர்கள் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். யாரோ தெரிந்தவர்கள் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள். நாங்கள் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டோம்.

படிக்காமல் போனால் போகட்டும், நானும் படிக்காதவள்தானே. எனக்கு இருந்த பயம் வேறு. ஊசி போடுகிற வேலை மட்டும் அவளுக்கு மறக்கவே இல்லை. ஞாபகம் போவதற்கு முன்னாலேயே கை பழகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டுகூடப் போடுவாள். ஆனால் போட்டோமா இல்லையா என்பது நிற்காது. போட்டதையே மறந்து இன்னொரு தரம் போட்டால் இறங்கிவிடும். போடாமலே போட்டதாக நினைத்தால் ஏறிவிடும். அதனால் ஊசியையும் மருந்தையும் நான் என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். நான் எடுத்துக் கொடுத்தால்தான் போடுவாள். போட்டு முடித்ததும் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவேன். அதற்காக ஒருநாள்கூட வெளியூர் தங்கவில்லை. என் தம்பி கல்யாணத்துக்குக் கெங்குவார்பட்டிக்குப் போனவள், தாலி கட்டியதும் மறு பஸ் ஏறிவிட்டேன்.

அப்படியே அவளுக்குப் பதினைந்து வயது ஆனது. பெரிய மனுஷி ஆனாள். அந்த வருஷம் ஐப்பசி மழையில் எனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. எழுந்திருக்க முடியாமல் சில நாள் கிடந்தேன். கண்ணைத் திறந்தால் வீடு சுற்றும். ஊசிப் பெட்டிச் சாவியை நான்தான் அவளிடம் கொடுத்திருக்க வேண்டும், எனக்கு நினைவில்லை. "ஊசி போட்டியா தாயி?" என்று கேட்பேன். "போட்டேம்மா" என்பாள். அது மட்டும் கனவு மாதிரி நினைவிருக்கிறது. இவர் சின்னமனூர்ப் பக்கம் பருத்தி எடைக்குப் போய்விட்டார். மதினி கஞ்சி காய்ச்சி இரண்டு பேருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

காய்ச்சல் விட்ட காலையில் எழுந்து உட்கார்ந்தேன். அவள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஊசி வெந்நீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. ஈரமாக இருந்தது. முகம் வாடி, உதடு காய்ந்திருந்தது.

"போட்டாச்சா தாயி?"

"போட்டேம்மா."

நான் எழுந்து முகம் கழுவி வந்தேன். அதற்குள் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"போட்டேனாம்மா? போடலியோ? போட்ட மாதிரி இருக்கு. நேத்துப் போட்டது இன்னைக்குப் போட்ட மாதிரி இருக்கா? ஏம்மா, எனக்குத் தெரியலையே."

புட்டியைத் தூக்கிப் பார்த்தேன். எவ்வளவு இருந்தது என்று முன்னால் பார்த்தவள் இருந்தால்தானே எவ்வளவு குறைந்தது என்று தெரியும்? தொடையைப் பார்த்தேன். பழைய புள்ளிகளும் புதுப் புள்ளிகளும் கலந்து கிடந்தன. எது இன்றைய புள்ளி? நீல மருந்தில் சோதித்தேன். செங்கல் நிறம் வந்தது. ஆனால் அது ராத்திரி முழுக்கத் தேங்கிய மூத்திரம். இப்போது ஊசி போட்டிருந்தாலும் அப்படித்தான் காட்டும் என்று முன்பே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். போடாமல் விட்டிருந்தாலும் அப்படித்தான் காட்டும்.

போட்டிருந்தால், நான் இன்னொரு தரம் போட்டுக் கொன்றுவிடுவேன். போடாமல் இருந்தால், நான் போடாமல் விட்டுக் கொன்றுவிடுவேன். இந்த இரண்டுக்கும் நடுவில் அந்த ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மதினி வந்து விஷயத்தைக் கேட்டதும் நடுங்கிப்போனார். "ஊசிய அங்கன வையி! தொடாத! ஒரு தரம் இறங்கவிட்டு நான் பிள்ளைய அள்ளிக் குடுத்தது போதாதா?" என்று ஓடிப்போய்ச் சீனி டப்பாவைக் கொண்டுவந்தார்.

"போடாம இருந்தா என்ன மதினி பண்றது?"

"ஏறட்டும்டி. ஏறுனா மெல்லத்தேன் ஏறும், தூக்கிட்டு ஓடிறலாம். இறங்குனா ஒன்னும் மிஞ்சாது. நீதான பாத்த!"

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. சீனித் தண்ணீரைக் குடிக்க வைத்தோம். அவள் குடித்துவிட்டு, "எனக்குச் சீனி ஆகாதும்மா, டாக்டரு திட்டுவாக" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கொடுத்தோம். அப்போதும் முதல் தரம் குடிப்பவள் மாதிரி அதையே சொன்னாள்.

மத்தியானம் வாந்தி எடுத்தாள். வயிறு வலிக்கிறது என்று சுருண்டாள். மூச்சு பெரிதாக, ஓடி வந்தவளுக்கு வாங்குவது மாதிரி வாங்கியது. அவள் வாயிலிருந்து கனிந்து அழுகப்போகும் பழத்தின் வாசனை வந்தது. எனக்கு அந்த வாசனை தெரியும். ஒன்பது வயதில் அவளை முதல் முதலாகத் தூக்கிக்கொண்டு ஓடியபோது வந்த வாசனை.

"மதினி, இவ போடலை. எத்தனை நாளாப் போடலைன்னு தெரியலை" என்றேன்.

மதினி சீனி டப்பாவைப் பார்த்தார். வாடகைக் காரைப் பிடிக்கத் தலைமுடியைக்கூட முடியாமல் தெருவில் ஓடினார்.

மதுரையில் மூன்றாம் தரமும் உயிரைக் கொடுத்தார்கள். இந்தத் தரம் மூளையில் நீர் கோத்துக்கொண்டது என்றார்கள். ஏற்கெனவே அடிபட்டிருந்த இடத்திலேயே திரும்பவும் அடி. அவள் எழுந்து நடந்தாள், சாப்பிட்டாள், பேசினாள். ஆனால் எந்தப் புதுச் சேதியும், ஒரு சோற்றுக் கவளம் விழுங்குகிற நேரத்துக்குமேல் தங்காது.

நான் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒன்றுதான். எது மறந்தாலும் மறக்கட்டும், அந்த முதல் டாக்டர் விரலை ஆட்டிச் சொன்னது மறந்துபோகட்டும் என்று. அது மட்டும் மறக்கவே இல்லை. ஊசி போடாவிட்டால் செத்துப்போவோம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். இன்றைக்குப் போட்டாகிவிட்டது என்பதுதான் தெரியாது.

காலையில் ஊசி போட்டுச் சாப்பிட வைத்துவிட்டு நான் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தால் பின்னால் வந்து நிற்பாள்.

"அம்மா, எனக்கு இன்னும் ஊசி போடலை."

"போட்டாச்சு தாயி."

"இல்லம்மா, மறந்துட்ட. நான் செத்துப்போவேன்ல?"

"போட்டாச்சுடி தங்கம். இப்பத்தானே போட்டேன்."

"சரிம்மா" என்று போவாள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வருவாள். "அம்மா, ஊசி போடலியே." முகத்தில் அப்போதுதான் அந்தப் பயம் வந்த மாதிரி இருக்கும். நமக்குத்தான் அது நூறாவது தரம். அவளுக்கு ஒவ்வொரு தரமும் அதுதான் முதல் தரம். சில நாள் பூட்டிய பெட்டியை உடைக்கப் பார்ப்பாள். சில நாள் தெருவில் போகிறவர்களிடம், "எங்கம்மா எனக்கு ஊசி போட மாட்டேங்குறாக, என்னையச் சாகவிடுறாக" என்று அழுவாள். புதிதாகக் குடிவந்த ஒரு பெண் அதை நம்பி, என்னை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டாள். "நீயெல்லாம் ஒரு ஆத்தாளா?" நான் கூச்சப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன். எந்த வார்த்தையில் எப்படிச் சொல்லிப் புரிய வைப்பேன்?

ஊசி போட்டதும் அந்த இடத்தில் குங்குமம் வைத்துப் பார்த்தோம். அது மதினியின் யோசனை. கேட்கும்போதெல்லாம் பாவாடையைத் தூக்கிக் காட்டுவேன். "இந்தா பாரு, பொட்டு இருக்கு. போட்டாச்சு." பார்த்ததும் அவள் முகம் தெளியும். சில நாள் அது வேலை செய்தது. பிறகு பொட்டு எதற்கு என்பதே நிற்கவில்லை. "இது என்னம்மா, இங்கன போயிப் பொட்டு வச்சிருக்க?" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள், "ஊசி போடலியேம்மா" என்பாள்.

எனக்கும் பைத்தியம் பிடிக்கிற நிலைமை. பொய் சொல்லக்கூடாது என்றுதான் அதுவரை இருந்தேன். கடைசியில் வெறும் தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்து ஊசியில் எடுத்துப் போடலாமா என்று தேனி டாக்டரிடம் கேட்டேன். அவர் குழலிலிருந்து ஊசியைக் கழற்றிக் காட்டினார். "குத்தவே வேண்டாம்மா. ஊசி இல்லாத குழலைத் தொடையில வச்சு அழுத்துங்க. அவளுக்குப் போட்ட மாதிரி இருந்தாப் போதும்" என்றார். அப்படித்தான் செய்தேன். ஒரு பகலில் எத்தனை தரம் என்று கணக்கு இல்லை. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். "ஆச்சா?" என்பாள். "ஆச்சு தாயி" என்பேன். "அப்ப இன்னைக்குச் சாக மாட்டேன்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போவாள். பதினெட்டு வயதுப் பெண்.

அந்த மழைநாளுக்குப் பிறகு மொத்தம் மூன்று, நான்கு வருஷம்தான் இருந்தாள். கடைசியில் சிறுநீரகம் கெட்டு, முகம் வீங்கிப் போனாள். எண்பதாம் வருஷம் பிறந்துவிட்டதா, பிறக்கவில்லையா என்பது எனக்குக் குழப்பமாக இருக்கிறது. கடைசி நாள் காலையிலும் கேட்டாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில், இனிப் பயனில்லை என்று நிஜமாகவே ஊசியை நிறுத்திவிட்டிருந்தார்கள். "போட்டாச்சு தாயி" என்றேன்.

இதைப் படிக்கிறவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் சரிபார்த்துக் கொடுங்கள். நீல மருந்தின் நிறங்களை நான் வரிசை மாற்றி எழுதியிருக்கலாம். மூளையில் நீர் கோத்தது என்று எழுதியிருக்கிறேன், அது அப்போது என் காதில் விழுந்தபடி எழுதியது. மதினி இப்போது இல்லை. தன்னால்தான் பிள்ளையின் புத்தி போனது என்று சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தார். அதனால் இது ஒன்றை மட்டும் தயவுசெய்து நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். அவளுடைய ஞாபகம் போனது முதலில் இறங்கியதாலா, பிறகு ஏறியதாலா? அந்த மழைநாள் காலையில், போட்டாளா போடவில்லையா என்று தெரியாத நிலையில், ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சீனித் தண்ணீர் கொடுத்தது சரிதானா? தப்பு என்றாலும் பரவாயில்லை, அப்படியே எழுதுங்கள். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.